பழைய சைக்கிளின் பிறப்பிடம்



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் சிலவற்றின் வீட்டுத் தாழ்வாரத்தில், பாட்டனார் ஓட்டிய சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கக் காணலாம். "இது சீமைச் சரக்கு" என்பார் ஒருவர். "அன்று, அம்பத்தூரில் செய்தது" என்பார் மற்றொருவர். பழைய இரும்பென்று எடைக்குப் போடுமுன் இவ்வழக்கைத் தீர்த்துக்கொள்வது நலம். வண்டி வந்த காலம் தெரிந்தால், குடும்பம் அவ்வூரில் காலூன்றிய காலமும் ஓரளவு விளங்கும்.

பலரும் முதலில் பார்ப்பது, கைப்பிடிக்குக் கீழே பதித்துள்ள பெயர்ப்பட்டயத்தை. ஆயினும் பெயர் மட்டும் போதிய சாட்சி ஆகாது. ஹெர்குலிஸ் 1910-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோன்றிய நிறுவனம். 1946-இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வசமாயிற்று. இவர்களும் முருகப்பா குடும்பத்தாரும் கூடி 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அம்பத்தூர் ஆலையிலிருந்து அதே ஹெர்குலிஸ் பெயரில் வண்டிகள் வெளிவந்தன. நாட்டிங்ஹாமில் பிறந்த ராலேயும், பின்னர் வங்காளத்து ஆசன்சாலில் சென்-ராலே ஆலையில் உருவாயிற்று. ஆகவே, பெயரோடு செய்த நாட்டைக் குறிக்கும் எழுத்தையும் தேடுதல் வேண்டும்.

அடுத்தது சட்டத்தில் பொறித்த எண். இருக்கைக் குழாயின் மேற்புறத்திலோ, பெடல் அச்சு சுழலும் கூட்டின் அடியிலோ, பின்சக்கரம் மாட்டும் முனையிலோ அது காணப்படும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்தால் எண் தெளியும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. பழைய வர்ணமும் பொன்னிறக் கோடுகளும் சான்றுகளே. ஒவ்வோர் ஆலையும் தனித்தனி எண்வரிசை வைத்திருந்தமையால், எண்ணை அவ்வாலையின் பட்டியலோடு ஒப்பிட்டே ஆண்டைத் துணிதல் வேண்டும்.

வேகம் மாற்றும் கியர் உள்ள வண்டியாயின், பின்சக்கரத்தின் நடுக்கூட்டைப் பாருங்கள். உலகப் போருக்குப் பின் வந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் கூடுகளில் ஆண்டின் ஈற்றிலக்கங்கள் இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். எனினும் அது கூட்டின் வயதேயன்றிச் சட்டத்தின் வயது அன்று. சக்கரமும் சங்கிலியும் இருக்கையும் மாறியிருக்கலாம். பல சான்றுகள் ஒத்துவந்த பின்னரே முடிவு கூறலாம்.

வண்டியோடு அலமாரியையும் தேடிப் பாருங்கள். உள்ளாட்சி மன்றங்கள் சைக்கிள் வரி வாங்கி உலோக வில்லை வழங்கிய காலம் உண்டு. அவ்வில்லையோ கடை ரசீதோ கிடைத்தால், அதிலுள்ள முகவரியை ஊன்றிப் படியுங்கள். சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. 1953 செப்டம்பர் முடிய அது சென்னையைச் சார்ந்திருந்தது. அக்டோபர் 1 முதல் ஆந்திர ராஜ்யத்தைச் சார்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசத்தைச் சார்ந்தது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, ரசீதில் சென்னை ராஜ்யம் என்றிருப்பின், வண்டி வாங்கியது பெரும்பாலும் 1953-க்கு முற்பட்டதாகும்.

ஒரே பெயர் இரண்டு நாட்டு வண்டிகளுக்கு வழங்கியதுபோலவே, இருந்த இடத்தை விட்டு நகராத ஊருக்கும் அடுத்தடுத்துப் புதிய முகவரிகள் வாய்த்தன. வண்டி அம்பத்தூரில் பிறந்தது என்று தெளிந்தால் பாட்டனாரின் பெருமை குறைந்துவிடாது. அவர் புது ஊரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் அது. துருவைத் துடைத்து, எண்ணைக் குறித்துவைத்து, அவர் பெயரையும் அதனருகே எழுதிவையுங்கள்.