தன்னுணர்வு விலகலும் சைக்கோசிஸும்

தன்னுணர்வு விலகல் என்பது, ஒருவர் தன் உடலையும் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதாக உணரும் நிலை. மனநல மருத்துவர்கள் இதை டீபெர்சனலைசேஷன் என்பர். சுற்றியுள்ள உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதாகவோ உயிரற்றதாகவோ தோன்றினால் அது டீரியலைசேஷன். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ’ என்ற அச்சம் இவற்றை உணர்பவர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. ஆனால், மெய்ம்மையோடு உள்ள பிடியே தளர்ந்துபோகும் சைக்கோசிஸ் வேறு, இது வேறு.

வரலாறு

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஆன்ரி ஃபிரெதெரிக் அமியெல் தன் நாட்குறிப்பில் எழுதியிருந்த டீபெர்சனலைசேஷன் என்ற சொல்லை, பிரெஞ்சு உளவியலாளர் லுதோவிக் துகா 1898-இல் இந்த நிலைக்குப் பெயராக்கினார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, டீபெர்சனலைசேஷன், டீரியலைசேஷன் இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்த்து, சைக்கோசிஸ் வகைகளில் அல்லாமல் விலகல் கோளாறுகளில் வைத்துள்ளது.

வேறுபாடு

அனுபவம் எவ்வளவு விசித்திரமானது என்பதை வைத்துத் தன்னுணர்வு விலகலையும் சைக்கோசிஸையும் பிரிக்க முடியாது. அந்த அனுபவத்தைப் பற்றி அதை உணர்பவர் என்ன நம்புகிறார் என்பதே முக்கியம். தன்னுணர்வு விலகல் உள்ளவர் கண்ணாடியில் தன் முகம் அந்நியமாகத் தெரிவதாகச் சொல்வார். அது தன் முகம்தான் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எண்ணங்கள் தன்னுடையவையாகத் தோன்றவில்லை என்பார். அவற்றை வேறொருவர் தன் தலைக்குள் புகுத்துவதாகச் சொல்லமாட்டார். சைக்கோசிஸில் அப்படிப் புகுத்தப்படுவதாக உறுதியாக நம்புவோர் உண்டு.

அரிய இரு நோய்நிலைகளில் இந்த எல்லை தெளிவாகத் தெரியும். செத்துப்போனதுபோல் இருக்கிறது என்பது தன்னுணர்வு விலகல். செத்தே விட்டேன் என்று சாதிப்பது கொத்தார் மாயநம்பிக்கை. அம்மா யாரோ போலத் தெரிகிறார் என்பது டீரியலைசேஷன். அவர் அம்மாவே அல்ல, அவர் உருவில் வந்த வேறொருத்தி என்பது கப்கிரா மாயநம்பிக்கை.

பிறர் காதில் விழாத குரல்கள், ஆதாரம் காட்டினாலும் மாறாத சந்தேகங்கள், தொடர்பற்ற பேச்சு ஆகியவை சைக்கோசிஸின் பிற அடையாளங்கள்.

மயங்கும் இடங்கள்

சைக்கோசிஸ் வகையைச் சேர்ந்த மனச்சிதைவு நோய் முழுமையாக வெளிப்படும் முன்பும் விலகல் உணர்வு வரக்கூடும். சைக்கோசிஸ் உள்ள சிலருக்கும் தம் நிலை பற்றிய தெளிவு ஓரளவு இருக்கும். எனவே ஒரே சந்திப்பில் முடிவுகட்டாமல், நம்பிக்கை நாளடைவில் இறுகுகிறதா, படிப்பும் வேலையும் சரிகின்றனவா, குடும்பத்தார் கவனித்த மாற்றங்கள் யாவை என்று மருத்துவர் விசாரிப்பார். 29 கேள்விகள் கொண்ட கேம்பிரிட்ஜ் அளவுகோல் விலகல் உணர்வின் தீவிரத்தை அளக்க உதவும். நோயை அது மட்டுமே உறுதிசெய்யாது.

காரணங்கள்

தூக்கமின்மை, கடும் பதற்றம், பேரதிர்ச்சி போன்றவற்றின்போது நலமுள்ளவர்களுக்கும் விலகல் உணர்வு சிறிது நேரம் வந்துபோகும். நீடிக்கும் கோளாறு பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது. சராசரி வயது 16. மனச்சோர்வு, குழந்தைப்பருவ உளத்துன்புறுத்தல் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. கஞ்சா விலகல் உணர்வு, சைக்கோசிஸ் இரண்டையும் தூண்டக்கூடியது என்பதால், அதைப் பயன்படுத்தியதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. 40 வயதுக்குப் பின் முதன்முறையாக வருவது அரிது. அப்போது வலிப்பு, மூளைப் பாதிப்பு போன்ற உடல்சார் காரணங்களைத் தேட வேண்டும்.

சிகிச்சை

இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிகிச்சையும் திசைமாறும். சைக்கோசிஸுக்கு அதற்குரிய மருந்துகளே அடிப்படை; தொடங்கத் தாமதித்தால் மீள்வது கடினமாகலாம். தன்னுணர்வு விலகலில் அம்மருந்துகளால் பொதுவாகப் பெரிய பலன் இல்லை; இதற்கென உறுதியான தனி மருந்தும் கிடையாது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உடனிருக்கும் பதற்றத்தையும் மனச்சோர்வையும் கவனிப்பது ஆகியவையே வழி. ‘நான் இருக்கிறேனா’ என்று ஓயாமல் தன்னையே சோதித்துக்கொள்வது விலகல் உணர்வை வலுப்படுத்தும் என்பதால், அப்பழக்கத்தைக் குறைப்பது அச்சிகிச்சையின் ஒரு பகுதி. குரல்கள் கேட்டாலோ, பிறர் தீங்கு செய்வதாக நம்பிக்கை இறுகினாலோ, தற்கொலை எண்ணம் எழுந்தாலோ, எந்த நோய் என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.