வைபவமாலையும் வகுப்பறையும்

சமூகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியரிடம் இக்காலம் எதிர்பார்ப்பது, மாணவரை ஆராய்ந்து சிந்திக்கப் பழக்குதல். இலங்கையில் 1972ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சீர்திருத்தம் சரித்திரத்தையும் பூமிசாத்திரத்தையும் ஒன்றாக இணைத்துச் சமூகக் கல்வி என்னும் பாடத்தை ஏற்படுத்தியது. பின்னர் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடத்தின் பெயர் மாறினும் அதன் நோக்கம் மாறவில்லை. ஆயின், ஒரு சான்றைத் தாமே எடுத்து நிறுத்துப் பாராத ஆசிரியர் அப்பழக்கத்தை மாணவருக்கு எங்ஙனம் ஊட்டுவார்? சேவைக்காலப் பயிற்சி இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அதற்குத் தக்க உதாரணம் ஒன்று யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்க யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றை அவர் ஆதாரமாகக் கொண்டார். இவற்றுள் பின்னைய இரண்டும் இன்று கிடைத்தில. ஆகவே மறைந்துபோன நூல்களின் செய்தியை நமக்குக் காத்துத் தந்த பெருமை வைபவமாலைக்கு உரியது. எனினும், ஆரியச் சக்கரவர்த்திகளின் அரசு தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுந்த நூல் அது என்பதையும் மறத்தலாகாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தவர் யார் என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். முதலாம் அரசனாகிய சிங்கையாரியனின் மந்திரி புவனேகவாகு என்பவரே அத்திருப்பணியைச் செய்தார் என்பது வைபவமாலையின் கூற்று. சக வருடம் 870இல் புவனேகவாகு நகரையும் கோயிலையும் அமைத்தார் என்று கூறும் பழைய செய்யுள் ஒன்றும் வழங்குகின்றது. சக வருடத்தோடு 78 கூட்டினால் கி.பி. 948 என வரும். ஆரியச் சக்கரவர்த்திகளோ 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே யாழ்ப்பாணச் சரித்திரத்தில் தோன்றுகின்றனர். 1344இல் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா அவர்களுள் ஒருவரைக் கண்டு பேசியதாகத் தம் பிரயாணக் குறிப்பில் எழுதியுள்ளார். பிறவாத அரச மரபுக்கு மந்திரி இருத்தல் எங்ஙனம்? இவ்வினாவை மாணவனே எழுப்பினால் அதுவே அன்றைய பாடத்தின் வெற்றி.

இனி வேறு சான்றுகளை நோக்குவோம். கோட்டையிலிருந்து அரசாண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனாகிய சப்புமல் குமாரன், அதாவது செண்பகப் பெருமாள், 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சிங்கள மொழியிலுள்ள கோகில சந்தேசம், அவன் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அவனுக்கு விடுத்த தூதாக அமைந்தது. பின்னர் அவன் கோட்டைக்கு மீண்டு புவனேகபாகு என்னும் பெயருடன் முடிசூடினான். நல்லூர்த் திருவிழாவிற் கூறப்படும் கட்டியத்தில் புவனேகபாகுவின் பெயர் ஸ்ரீ சங்கபோதி என்னும் பட்டத்துடன் வருகின்றது. அப்பட்டமோ சிங்கள மன்னர் பூண்ட அரியணைப் பட்டங்களுள் ஒன்று. செய்யுளின் ஆண்டைச் சகம் 1370 எனத் திருத்திக் கொண்டால் கி.பி. 1448 கிடைக்கும், அது சப்புமல் குமாரனின் காலத்தை அணுகி நிற்கின்றது. ஆதலால் கோயிலைக் கட்டுவித்தவன் அவனே என ஆய்வாளர் பலர் கருதினர்.

இம்முடிபையும் ஆராயாது ஏற்றல் தகாது. பாடத்தைத் திருத்தி ஆண்டைப் பொருத்துதல் எவ்வளவு தூரம் முறையாகும்? முடிசூடுமுன் அவனுக்குப் புவனேகபாகு என்னும் பெயர் வழங்கிற்றா? அவன் புதிதாகக் கட்டினானா, முன்னிருந்த கோயிலைப் புதுப்பித்தானா? வாய்வழி வந்த கட்டியம் எக்காலத்தில் யாத்தது? பழைய கோயில் 1621இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டமையின், கட்டடத்தைக் கொண்டு இவ்வையங்களைத் தீர்த்தலும் இயலாது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம், பழைய நூலொன்றை மதித்தும் அதன் கூற்றுக்களைச் சோதித்தும் ஆராயலாம் என்பதைத் தமிழ் வாசகர்க்கு உணர்த்தியது.

பயிற்சி வகுப்பில் விரிவுரை நிகழ்த்துவதற்குப் பதிலாக, ஆசிரியர்களை நால்வர் ஐவராகப் பிரித்து, இச்சான்றுகளை அவர்கள் கையிலேயே கொடுத்தல் நன்று. ஒவ்வொரு சான்றையும் குறித்து, இதை உரைத்தவர் யார், எக்காலத்தில் உரைத்தார், யாருக்காக உரைத்தார், அவர் அறிதற்கு வழி என்ன, பிற சான்று இதனோடு ஒக்கின்றதா என்னும் ஐந்து வினாக்களுக்கு அவர்கள் விடை எழுதுவார்களாக. பின்பு, உறுதியானது, பொருந்தக்கூடியது, துணிய முடியாதது என மூன்று பகுதிகளாக முடிபை வகுப்பார்களாக. தத்தம் பாடசாலையில் அதே பாடத்தை நடத்தி, மாணவர் எழுதிய விடைகளுடன் ஒரு மாதத்தில் மீண்டும் கூடுதல் இன்றியமையாதது. ஒரு நாட் பயிற்சியால் பழக்கம் வேரூன்றாது; சக ஆசிரியரோடு கலந்து திருத்திக்கொள்ளும்போதே அது நிலைபெறும்.

இத்தகைய பாடத்தில் இடர் இல்லாமலில்லை. தாம் வழிபடும் கோயிலைச் சிங்கள இளவரசன் ஒருவன் கட்டினான் என்பது சிலர் மனத்தை உறுத்தலாம். வேறு சிலர் அதனை வாதத்துக்குக் கருவியாக்க முற்படலாம். தமக்கு உவப்பான சான்றை மட்டும் எடுத்துக் காட்டும் ஆசிரியர், எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், மாணவரின் சிந்தனையைக் கட்டிவிடுகின்றார். ஐயுறக் கற்பித்தலும் எள்ளக் கற்பித்தலும் வேறு வேறு. வைபவமாலையைப் பொய்ந்நூல் என்று ஒதுக்கும் மாணவனும் வேதவாக்கு என்று கொள்ளும் மாணவனும் ஆராய்ச்சியின் வாயிலுக்கு வெளியேதான் நிற்கின்றனர்.

மொழியாலும் மதத்தாலும் பிரிந்து பல துன்பங்களைக் கண்ட நாட்டில், இன்னும் துணிய முடியாது என்று அஞ்சாது சொல்லும் மாணவன் சிறந்த குடிமகனாவான். நல்லூரின் புவனேகபாகுவை ஐந்து வினாக்களால் சோதித்தவன், நாளை மேடையில் கேட்கும் சரித்திரத்தையும் அவ்வாறே சோதிப்பான்.