ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டமும் பாடநூல் மொழியும் (1972–2002)

முன்னுரை

இந்திய மொழிகளில் அறிவியலைப் பயிற்றுவிப்பது குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கலைச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. 1916ஆம் ஆண்டில் அறிவியல் தமிழ்ச் சொற்களுக்கெனச் சேலத்தில் இராஜாஜி முதலியோர் நிறுவிய சங்கம் முதல், 1961இல் நடுவணரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் வரை, அறிஞர்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றேயாகும். பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்ப்பதா, வடமொழி வேரினின்று புதுச்சொல் ஆக்குவதா, வழக்குச் சொல்லை எடுத்தாள்வதா என்பதே அது. 'எந்தச் சொல்' என்னும் இவ்வினாவோடு 'எப்போது அச்சொல்' என்னும் வினாவையும் சேர்த்து எழுப்பிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, மத்தியப் பிரதேசத்தில் முப்பது ஆண்டுகள் நடைபெற்ற ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம். கல்வியியல் வரலாற்றில் இத்திட்டம் நன்கு அறியப்பட்டது. மொழியியல் நோக்கில் அது உணர்த்துவனவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

தொடக்கமும் வளர்ச்சியும்

1972ஆம் ஆண்டில் ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இத்திட்டம் தொடங்கப்பெற்றது. இரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையமும், மூலக்கூற்று உயிரியலறிஞர் அனில் சத்கோபால் முன்னின்று அமைத்த கிஷோர் பாரதியும் மாநில அரசின் இசைவுடன் இதனை நடத்தின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் தில்லிப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்த அறிவியலாளர் பலர் உடனுழைத்தனர். 1978இல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. 1982இல் இப்பணியை ஏற்று நடத்துவதற்கென ஏகலவ்யா என்னும் நிறுவனம் உருவாயிற்று. பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது. ஹோஷங்காபாத் நகரமும் 2022இல் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுவிட்டது.

திட்டத்தின் அடிப்படை எளியது. வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு மாற்றாக, மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து சோதனை செய்து, கண்டதைத் தம் ஏட்டில் எழுதி, வகுப்பில் விவாதித்து முடிவு காண வேண்டும். இதற்கெனப் பள்ளிதோறும் ஒரு கருவிப்பெட்டி வழங்கப்பட்டது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறைகளில் பயிற்சி முகாம்களும், ஆண்டு முழுவதும் மாதாந்திரக் கூட்டங்களும் நடைபெற்றன.

மொழிச் சூழல்

இம்மாவட்டம் 'இந்தி பேசும் பகுதி' என்றே கணக்கிடப்படினும், குழந்தைகளின் வீட்டுமொழி பாடநூலின் இந்தியன்று. கிழக்கே புந்தேலியும் மேற்கே மால்வி, நிமாடி வழக்குகளும் பேசப்படுகின்றன. பழங்குடியினரிடையே திராவிட மொழியாகிய கோண்டியும், முண்டா மொழியாகிய கோர்க்கூவும் வழங்குகின்றன. எனவே அறிவியல் நூலாசிரியர் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. எழுத்து இந்தியிலிருந்து குழந்தையின் பேச்சுக்கும் ஒரு பெயர்ப்பு நிகழ வேண்டியிருந்தது. வழக்கமான வகுப்பறைகளில் ஆசிரியர் இதனை அவ்வப்போது வாய்மொழியாகச் செய்துவந்தார். அல்லது அது நிகழாமலே போயிற்று.

'பால வைக்ஞானிக்': வாக்கிய அமைப்பு

திட்டத்தின் பாடநூல் வரிசை 'பால வைக்ஞானிக்' என்னும் பெயருடையது. இந்தியில் 'வைக்ஞானிக்' என்பது 'அறிவியல் சார்ந்த' எனப் பெயரடையாகவும், 'அறிவியலாளர்' எனப் பெயராகவும் வழங்கும். இத்தலைப்பில் அது பெயராகவே நிற்கிறது. நூலைக் கையில் ஏந்தும் குழந்தையே அறிவியலாளர் என்பது கருத்து. தமிழில் இதனைச் 'சிறுவர் அறிவியல்' எனப் பெயர்ப்பின் பொருள் முற்றிலும் மாறிவிடும். 'சிறுவர் அறிவியலர்' என்பதே நேர்ப்பொருள் தரும்.

இந்நூல்களின் வாக்கியங்கள் மரபான பாடநூல் வாக்கியங்களினின்று வகையாலேயே வேறுபட்டவை. மரபான நூலில் செய்தி வாக்கியம் மிகும். 'எனப்படும்' என முடியும் வரையறைத் தொடர் அதன் அச்சாணி. பால வைக்ஞானிக்கிலோ ஏவலும் வினாவும் மிகுதி. செய்க, அளந்து பார்க்க, அட்டவணையில் எழுதுக என்னும் ஏவல்களை அடுத்து, கண்டது யாது, ஏன் அவ்வாறாயிற்று என்னும் வினாக்கள் வரும். வினாக்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். விடைகள் நூலில் இரா. விடைகளை மாணவர் தம் ஏட்டில் எழுதியபின், நூலும் ஏடும் சேர்ந்தே முழுப்பாடம் உருவாகும். சுருங்கக் கூறின், பனுவலின் ஒரு பாதியை எழுதுபவர் மாணவரேயாவர்.

இத்தகைய நடையில் சிறு தெளிவின்மையும் பெரும் விளைவை உண்டாக்கும். செய்தி வாக்கியம் புரியாவிடினும் மாணவர் அதனை மனப்பாடம் செய்துவிடலாம். ஏவல் வாக்கியம் புரியாவிடின் சோதனையே தவறிவிடும். பாடங்கள் பள்ளிகளில் பயன்படுத்தப்பட்டு, ஆசிரியர்களின் கருத்துகளைக் கொண்டு திருத்தி எழுதப்பட்டமை இதனாற்றான் இன்றியமையாததாயிற்று. வாக்கியத்தின் தெளிவை அளந்தது இலக்கண நூலன்று. வகுப்பறையில் நிகழ்ந்த செயல்.

விளிப்பு நிலையும் கருதத்தக்கது. இந்தியின் முன்னிலையில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிகள் உண்டு. பால வைக்ஞானிக் மாணவரைத் 'தும்' என்று விளித்தது. இது 'தூ' போலத் தாழ்த்துவதுமன்று. 'ஆப்' போல விலக்கி நிறுத்துவதுமன்று. தமிழில் இதற்கு நேரிணை இல்லை. 'நீ' என்பது சில சூழல்களில் அதட்டலாக ஒலிக்கும். 'நீங்கள்' பன்மையாகவும் மரியாதையாகவும் இருவேறு பொருள் தரும். மாணவர் குழுவாகச் செயல்படும் இவ்வகை நூலில் 'நீங்கள்' என்பதன் பன்மைப் பொருளே ஏற்புடையதாகலாம்.

கலைச்சொல்லின் இடம்

இலை நரம்பமைப்பை எடுத்துக்கொள்வோம். இந்திப் பாடநூல்களில் இதன் ஒரு வகைக்கு வழங்கும் கலைச்சொல் 'ஜாலிகாரூபீ சிராவின்யாஸ்' என்பது. 'ஜாலீ' என்பதோ சன்னலிலும் சல்லடையிலும் குழந்தை நாள்தோறும் காணும் பின்னல். இலைகளைத் திரட்டி ஒப்பிட்டு வகைப்படுத்தும் குழந்தை, முதலில் தன் சொல்லால் இரு குழுக்களையும் சுட்டுகிறது. அவ்வேறுபாடு கண்ணில் பட்டபின் வரும் கலைச்சொல், அறிந்த ஒன்றுக்கு இடும் பெயராகிறது. வேறுபாட்டைக் காணுமுன் வரும் கலைச்சொல்லோ தேர்வுக்குரிய ஓசையாக மட்டுமே நிற்கிறது. சொல் ஒன்றே, வரும் இடம் வேறு.

அமிலத்திற்கு இந்தியில் 'தேஜாப்' என்னும் பாரசீக வழிச் சொல்லும், 'அம்ல' என்னும் வடமொழிச் சொல்லும் உள்ளன. தமிழில் 'திராவகம்', 'அமிலம்' என்பன போல. இரண்டில் எது சிறந்தது என விவாதிப்பது எளிது. ஆனால், நீல லிட்மசைச் சிவப்பாக்கும் கரைசல்கள் ஒரு குழு என்பதைக் கைப்படக் கண்ட மாணவருக்கு இரண்டில் எதுவும் பொருந்தும். காணாத மாணவருக்கு இரண்டும் ஒன்றே.

கருவிகளின் பெயர்ச் சிக்கலோ வேறு வழியில் தீர்ந்தது. அறுத்தாய்வதற்குரிய ஊசியின் இடத்தில் கருவேல முள் பயன்பட்டது. 1978இல் இத்திட்டத்தில் பங்கேற்ற அரவிந்த் குப்தா, மிதிவண்டியின் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவக் கணித உருக்களை ஆக்கினார். செலவைக் குறைப்பதே இவற்றின் முதல் நோக்கம். ஆயினும் உடன்விளைவு மொழி சார்ந்தது: முள்ளுக்கும் தீக்குச்சிக்கும் புதுப்பெயர் ஆக்க வேண்டுவதில்லை.

சவாலிராம்

குழந்தைகள் தம் ஐயங்களைக் கடிதமாக எழுதுவதற்கெனச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதர் படைக்கப்பட்டார். 'சவால்' என்பது அரபு வழி வந்து இந்தியில் 'வினா' எனப் பொருள்படும் சொல். 'ராம்' என்பது வட இந்தியச் சிற்றூர்ப் பெயர்களில் இயல்பாக வரும் ஈறு. அக்கடிதங்களுக்கு விடை எழுதியனுப்பப்பட்டது. பாடநூல் குழந்தையிடம் வினவியது. சவாலிராமிடம் குழந்தை வினவிற்று.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இங்கு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அதே அரபுச் சொல் தமிழில் 'சவால்' என நுழைந்து 'அறைகூவல்' என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. அதன் இணையாகிய 'ஜவாப்' மட்டும் மறுமொழி என்னும் பழம்பொருளைக் காத்துள்ளது. ஆகவே ஒலிபெயர்த்த அளவில் 'சவாலிராம்', வினாக்களை வரவேற்கும் அன்பராகத் தோன்றாமல், வம்புக்கு அழைப்பவராகத் தோன்றக்கூடும்.

தேர்வும் எதிர்ப்பும்

தேர்வில் மாணவர் நூலையும் தம் ஏட்டையும் உடன் வைத்துக்கொள்ளலாம். விடைகள் நூலில் இல்லாமையால் இது இடர்ப்பாடாகவில்லை. செய்முறைத் தேர்வும் உண்டு. 'வரையறு' என்னும் ஏவலுக்கு இம்முறையில் பயனில்லை. தரப்பட்ட அளவீடுகளிலிருந்து முடிவு கூறுவதே தேர்வாயிற்று.

திட்டத்தின் மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று மொழியியலார் புறக்கணிக்கத் தகாதது. 8ஆம் வகுப்போடு இம்முறை முடிந்தது. 9ஆம் வகுப்பில் மாணவர் வழக்கமான பாடநூலையும் அதன் கலைச்சொற் செறிவையும் ஒருசேர எதிர்கொண்டனர். அனுபவத்திலிருந்து கலைச்சொல்லுக்குச் செல்லும் பாதையின் தொடக்கம் அமைக்கப்பட்டது. மேல்வகுப்பு வரை அது நீட்டிக்கப்படவில்லை. இது முறையின் குறையா, இடையில் அறுந்த தொடர்ச்சியின் குறையா என்பது விவாதத்திற்குரியது. 2002இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் என்னும் கொள்கை மேலோங்கியபோது, அவ்விவாதத்திற்கு விடை காணும் வாய்ப்பும் போயிற்று.

முடிவுரை

இத்திட்டத்தின் வரலாற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, சிறுவர்க்கான அறிவியல் பனுவலில் கலைச்சொல் வரும் வரிசையும் பொருளின் ஒரு கூறாகும். சோதனைக்குப்பின் வரும் சொல்லைத் தெளிவு கருதி முன்னே கொணரும் மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் பிழைபட்டதாகும். இரண்டாவது, வினாவைச் செய்தியாக மாற்றுவது நடைத்திருத்தமன்று. மாணவர் எழுத வேண்டிய பாதியை மொழிபெயர்ப்பாளர் எழுதிவிடுவதாகும். மூன்றாவது, ஏவல் வாக்கியத்தின் செம்மையை மேசையில் அமர்ந்து அறிய இயலாது. அவ்வாக்கியத்தைப் படித்து ஒரு குழந்தை சோதனையைச் செய்து காட்டும்போதே அது உறுதியாகும்.

தமிழில் கலைச்சொல் தொகுதிகளுக்குக் குறைவில்லை. அச்சொற்கள் எந்த வகுப்பில், எந்தச் செயலின்பின் குழந்தையைச் சென்றடைய வேண்டும் என்னும் ஆய்வு அதே அளவு வளரவில்லை. ஹோஷங்காபாத்தின் முப்பதாண்டு அனுபவம் அவ்வாய்வுக்குப் பயன்படும் சான்றாக உள்ளது.