ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் போன வழி

அலெக்சாண்டர் ரீ 1915இல் வெளியிட்ட தொல்பொருள் பட்டியலின் தலைப்பில் இரண்டு ஊர்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஒன்று ஆதிச்சநல்லூர். இன்னொன்று பெரும்பேர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் மாகறலும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. காஞ்சிபுரத்தைச் சுற்றி வாழும் நாங்கள் பழமை என்றால் பல்லவரோடு நிறுத்திக்கொள்கிறோம். கோயிலும் பட்டும் போதும் என்று இருந்துவிடுகிறோம். அதற்கு ஓராயிரம் ஆண்டு முன்னால் இதே மண்ணில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தவர்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை நம்மைவிட அதிகம் கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். கேட்ட விதம்தான் தவறு.

ஆதிச்சநல்லூரில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் தென்கரையில், ஊர்க்காரர்கள் பரம்பு என்று சொல்லும் மேட்டு நிலம் 114 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது. பாறையைக் குடைந்து குழி எடுத்து, அதில் தாழியை இறக்கி, உள்ளே உடலையோ எலும்புகளையோ வைத்திருக்கிறார்கள். 1876இல் ஃபெடோர் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். கிடைத்தவற்றை மூட்டை கட்டி பெர்லினுக்குக் கொண்டுபோனார். வெளியேற்றம் அன்றைக்குத் தொடங்கியது. அடுத்து 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் ரீ முறையாகத் தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வாள்கள், நெல் உமி, பருத்தித் துணியின் சுவடு எல்லாம் வந்தன. நெசவை நம்பி வாழும் ஊர்களுக்கு அந்தத் துணிச் சுவடு ஒன்றே போதும், பரம்பில் கிடப்பவர்கள் அந்நியர் அல்லர் என்று உணர. அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1904ஐ ஒட்டி லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சு அறிஞரும் வந்து தம் பங்கைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். ஒரே இடுகாட்டில் உறங்கியவர்கள் மூன்று நகரங்களுக்குப் பிரிந்தார்கள்.

பொன்னும் வெண்கலமும் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. மண்டையோடுகள் அளவுகோலுக்குக் கீழே போயின. மண்டையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80ஐத் தாண்டினால் அகன்ற தலை. இந்த எண்ணைக் கொண்டு மனிதனின் குலத்தையே சொல்லிவிடலாம் என்று அந்தக் காலம் நம்பியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடு இருந்த தமிழர்களின் தலைகளையும் மூக்குகளையும் ஆயிரக்கணக்கில் அளந்தவர்.

1930இல் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றிய அறிக்கையை அதே அருங்காட்சியகம் வெளியிட்டது. எழுதியவர் சாலி சக்கர்மேன். பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகரானவர். கேப் டவுனில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனுக்குப் போனவர். தென்னாப்பிரிக்காவில், அந்நாட்டுப் பழங்குடிகளான கோய்சான் மக்களின் மூதாதையரைத் தேடி இதே அளவுகோல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 1913இல் பாஸ்காப் என்ற இடத்தில் கிடைத்த ஒரு பெரிய மண்டையோட்டை வைத்து, ‘பாஸ்காப் இனம்’ என்ற ஒன்றையே கட்டி எழுப்பி, கோய்சான் மக்கள் அதிலிருந்து வந்தவர்கள் என்றார்கள். 1958இல் ரொனால்ட் சிங்கர் அந்தக் கட்டடத்தை இடித்தார். அப்படி ஓர் இனமே இருந்ததில்லை. மண்டையோடு பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆதிச்சநல்லூரிலும் நடந்தது இதுவே. இந்த மண்டையோடு ஆஸ்திரலாய்டு, அந்த மண்டையோடு மத்தியதரைக்கடல் வகை என்று பிரித்துப் பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரே தலைமுறையில் தலையின் வடிவம் மாறுவதை 1912 வாக்கிலேயே காட்டிவிட்டார். 2010இல் வந்த மரபணு ஆய்வு இன்னும் அழுத்தமானது: காலஹாரியின் சான் மக்களில் இருவருக்கு இடையே உள்ள மரபணு வேறுபாடு, ஓர் ஐரோப்பியருக்கும் ஓர் ஆசியருக்கும் இடையே உள்ளதைவிட அதிகம். வெளித்தோற்றத்தைப் பார்த்து ‘ஒரே இனம்’ என்று எழுதப்பட்டவர்கள் அவர்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெருங்கற்கால எலும்புகளை ஆராய்ந்த கென்னத் கென்னடி, 1975லேயே, இந்த ஈமச்சின்னங்களை எழுப்பியவர்கள் என்று தனி உடல்வகை எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அப்படியும், ஆதிச்சநல்லூரில் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அண்மைக்காலம் வரை செய்தித்தாள்களில் வந்துகொண்டுதான் இருந்தது. படிக்கும்போது மனம் கசக்கிறது.

2004இல் தி. சத்தியமூர்த்தி தலைமையில் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. அறிக்கை நெடுங்காலம் வரவில்லை. மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கு நடந்து, 2019இல்தான் காலம் தெரிந்தது: இரண்டு மாதிரிகள், கி.மு. 905, கி.மு. 696. பதினைந்து ஆண்டு காத்திருந்தது நியாயமே இல்லை.

எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது இப்போதைய நம்பிக்கை. நம் வெயிலும் ஈரமும் அதைச் சிதைத்துவிடுகின்றன. ஹரியானாவின் ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணிடம்தான் பயன்படுகிற அளவுக்குக் கிடைத்தது. கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025இல் முகம் கொடுத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முப்பரிமாணப் படங்களை அனுப்ப, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் தசையும் தோலும் கணினியில் வரைந்தார்கள். எலும்பு ஊரிலேயே இருந்தது. யாகோர் காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த முகங்களைப் பார்த்ததும் நம்மில் பலர் கேட்டது மட்டும் மாறவில்லை: என்ன இனம்? அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எந்த நோயில் செத்தார்கள், எத்தனை வயது வாழ்ந்தார்கள் என்பதைப் பல்லும் எலும்பும் சொல்லும். அதைக் கேட்போம்.

அளந்தவர்கள் திருப்பித் தரவும் தொடங்கிவிட்டார்கள். கோய்சான் மக்களில் ஒரு பிரிவினரான நாமா, அவர்களோடு ஹெரேரோ மக்களின் இருபது மண்டையோடுகளை பெர்லின் மருத்துவமனை 2011இல் நமீபியாவிடம் ஒப்படைத்தது. சக்கர்மேன் படித்த கேப் டவுன் பல்கலைக்கழகம், தன்னிடம் இருந்த ஒன்பது பேரின் எலும்புகளைச் சதர்லாந்து என்ற ஊரில் உறவினர்கள் கையால் 2023இல் மண்ணில் சேர்த்தது. எடின்பரோவிலிருந்து வேடர்களின் ஒன்பது மண்டையோடுகள் 2019இல் இலங்கைக்குத் திரும்பின. பெர்லினிலும் பாரிசிலும் நம்முடையவை என்னென்ன உள்ளன என்ற முழுப் பட்டியலைத் தமிழ்நாடு அரசு கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும். கேட்காமல் யாரும் தரப்போவதில்லை.

பரம்பில் தாழிகள் இருந்தபடியே கண்ணாடித் தரைக்குக் கீழே தெரியும் காட்சிக்கூடம் 2023இல் திறக்கப்பட்டது. திருச்செந்தூர் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பாருங்கள். அப்புறம் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ ஏரியில் மண் எடுக்கும்போதோ தாழியின் விளிம்பு தட்டுப்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். எலும்பைத் தொடாமல், முதலில் வட்டாட்சியருக்குச் சொல்லுங்கள்.