பனியும் மஞ்சும்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டில் மார்கழி விடியலில் மாந்தோப்புகளின் மேல் இறங்கிக் கிடப்பதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. தமிழ் பேசும் வீட்டில் அது பனி. தெலுங்கு பேசும் வீட்டில் மஞ்சு. இரண்டுமே திராவிடச் சொற்கள். ஒன்றிலிருந்து ஒன்று மொழிபெயர்ந்து வந்தவை அல்ல. 'மஞ்சு' தமிழிலும் இருக்கிறது. தெலுங்கில் சகரம் வல்லொலி, தமிழில் மெல்லொலி, அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் நம் பக்கத்தில் அது மேகம், மூடுபனி என்ற பொருளோடு செய்யுளுக்குள் ஒதுங்கிவிட்டது. கன்னடத்தில் 'மஞ்சு', மலையாளத்தில் 'மஞ்ஞு' என இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கிறது. 1964இல் எம்.டி.வாசுதேவன் நாயர் நைனிதால் மலைநகரில் நிகழும் தம் நாவலுக்கு வைத்த பெயரும் 'மஞ்ஞு'தான்.

'பனி' போன பாதை இன்னும் வியப்பானது. பனித்தல் என்றால் துளித்தல். நடுங்குதல் என்றும் பொருள். கண்ணீருக்கும் அச்சத்துக்கும்கூடப் பழந்தமிழில் பனி என்ற பெயர் உண்டு. குளிரைக் குறிப்பதோடு, குளிர் உடம்பில் செய்வதையும் இந்தச் சொல் சேர்த்தே சொல்கிறது. மலையாளத்தில் அந்த நடுக்கமே முதன்மைப் பொருளாகி, 'பனி' இன்று காய்ச்சலைக் குறிக்கிறது.

வடக்கே உள்ள பெருமலைக்கு நாம் வைத்திருக்கும் பெயரோ வடசொல் வழி வந்தது. 'ஹிம' என்பதன் முதல் ஒலி தமிழில் இல்லாததால் உதிர்ந்து, 'இமயம்' ஆயிற்று. குளிர்காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இலத்தீனின் 'ஹியெம்ஸ்'உம் இதே வேரில் கிளைத்தவை. சேரன் நெடுஞ்சேரலாதன் 'இமயவரம்பன்' எனப் பெயர் பூண்ட காலத்திலேயே சொல் இங்கே வேரூன்றிவிட்டது. புறநானூற்றின் ஆறாம் பாட்டில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் காரிகிழார், வடவெல்லையைச் சொல்லும்போது 'இமயம்' என்று பெயர் சொல்லவில்லை. பனி உறையும் மலை என்றே அடையாளம் காட்டுகிறார். வயலில் இறங்கும் பனியின் பெயரை, காலமெல்லாம் உறைந்து கிடக்கும் மலைக்கு ஏற்றிய அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஏற்றிய பெயர் அங்கே ஒற்றையாக நின்று திணறுகிறது. மலையேறும் பருவத்தில் அது தெரியும். நம் கணக்கில் சித்திரை, வைகாசி இளவேனில். புத்தலப்பட்டில் வெயில் சுட்டெரிக்கும், மாங்காய் பழுக்கும். அந்த வாரங்களே எவரெஸ்ட் ஏறும் பருவமும். உச்சியை அறையும் கடுங்காற்று வடக்கே விலகியிருக்கும். பருவமழை இன்னும் வந்திருக்காது. டென்சிங்கும் ஹில்லாரியும் 1953 மே 29இல் உச்சியில் நின்றது வைகாசியில்தான்.

அப்படி ஏறுபவரின் காலடியில் இருப்பது ஒரே பொருள் அல்ல. புதிதாய் விழுந்தது பஞ்சு போல உள்வாங்கும். பகலில் இளகி இரவில் மறுபடி இறுகியது ஓடு கட்டியிருக்கும். அதன் அடியில் கண்ணாடி போன்ற கட்டி. அதற்கும் கீழே, மலைச்சரிவில் தன் எடையாலேயே மெல்ல நகரும் பனியாறு. அதில் ஆளை விழுங்கும் பிளவுகள், பிளவுகளின் மேல் பாலம்போல் மூடி ஏமாற்றும் மென்படலம். கட்டியில் ஐஸ் ஸ்க்ரூவைத் திருகிக் கயிறு மாட்டினால் ஆளைத் தாங்கும். மென்மையானதில் அதே திருகாணி பிடிக்காது. நீண்ட முளையை ஆழமாக அடிக்க வேண்டும், அல்லது புதைக்க வேண்டும். வெயில் ஏறினால் எல்லாமே மாறும் என்பதால்தான் நள்ளிரவில் புறப்படுகிறார்கள். உயிர் தொங்கும் இந்த வேறுபாடுகள் அத்தனைக்கும் தமிழ்ச் செய்திகளில் 'பனி' என்ற ஒரே சொல் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த மலையேறி மல்லி மஸ்தான் பாபு. 2006இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாட்களில் ஏறி முடித்தவர். 2015இல் ஆண்டீஸ் மலைத்தொடரில் உயிர்விட்டார். அவருடைய தாய்மொழியான தெலுங்கு பனிமலையை 'மஞ்சு கொண்ட' என்கிறது. பனியாற்றுக்கு வடமொழியிலிருந்து 'ஹிமானீநதம்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நமக்கு 'பனியாறு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. கெட்டியானதற்குப் 'பனிக்கட்டி' இருக்கிறது. பொழிந்து குவியும் மென்மையானதற்குப் புலம்பெயர்ந்த தமிழரும் பாடநூல்களும் 'வெண்பனி' என்கிறார்கள். பொருந்துகிறது, ஆனால் அதுவும் பனியே. அந்த இடத்தில் 'மஞ்சு' வரட்டும் என்பது என் வாதம். கடன் வாங்க வேண்டியதில்லை, செய்யுளிலிருந்து இறக்கினால் போதும். மூன்று அண்டை மொழிகள் அதைப் புழக்கத்தில் வைத்திருக்கின்றன. சித்தூர்த் தமிழர் காதில் அது தினமும் விழுகிறது. மலையேற்றம் பற்றித் தமிழில் எழுதுவோர் மஞ்சையும் பனிக்கட்டியையும் பனியாற்றையும் தனித்தனியே எழுதத் தொடங்கினால், எங்கே திருகாணி, எங்கே முளை என்பதை வாசகர் படிக்கும்போதே அறிவார்.