பரீட்சை ஜுரம் எத்தனை டிகிரி?

பரீட்சை என்றால் வயிற்றில் புளி கரையும். சரி, எத்தனை கிலோ புளி? கிண்டல் இல்லை. இந்தக் கேள்விக்காக விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அவர்கள் கையில் எடுத்தது... சிறுநீர்! அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கேனன் என்று ஓர் உடலியல் பேராசிரியர். பயந்தால் உடம்பு ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டும் என்பது அவர் கட்சி. கடினமான பரீட்சை எழுதிவிட்டு வந்த மருத்துவ மாணவர்கள் 9 பேரைச் சோதித்ததில், 4 பேரின் சிறுநீரில் சர்க்கரை. சுலபமான பரீட்சைக்குப் பிறகு? ஒரே ஒருவருக்குத்தான். 1915-ல் வந்த தன் புத்தகத்தில் இதை எழுதிவைத்தார் கேனன்.

ஆனால், பயந்தவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று சர்க்கரை சொல்லாதே! அவனையே கேட்டுவிட்டால் என்ன? யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மாண்ட்லரும் சேமூர் சராசனும் 1952-ல் அதைத்தான் செய்தார்கள். பயத்தை அளக்க ஒரு கேள்வித்தாள். அதிகம் பயப்படுகிறவர்களிடம், 'நன்றாகச் செய்தாய்' என்றாலும் சரி, 'சொதப்பிவிட்டாய்' என்றாலும் சரி, அடுத்த சோதனையில் சறுக்கினார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டபோதுதான் தேறினார்கள்!

1967-ல் லீபர்ட், மோரிஸ் என்ற இருவர் இந்தப் பயத்தை இரண்டாக உடைத்தார்கள். ஒன்று, உடம்பின் படபடப்பு. இன்னொன்று, 'ஃபெயிலாகிவிட்டால் என்ன ஆகும்' என்று மனசு போடும் கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் கைகாட்டியது இரண்டாவதைத்தான். மார்க்கை அதிகம் தின்பது அந்தக் கவலை.

1987-ல் கம்ப்யூட்டர் பயத்துக்கும் ஓர் அளவுகோல் வந்தது. மொத்தம் 19 வாக்கியங்கள்.

2020-ல் கொரோனா பரீட்சை ஹால்களைப் பூட்டியபோது, இந்த இரண்டு பயங்களும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தன. வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே நாற்பது வயதில் டிகிரி படிக்கிறவரை நினைத்துப் பாருங்கள். பாடம் தெரியும். ஆனால், 'நெட் கட்டானால்? தப்பான பட்டனை அமுக்கிவிட்டால்? கேமரா நம்மைச் சந்தேகப்படுமோ?' என்று மனசு பாதி அங்கேயே நிற்கிறது.

இழந்த 10 மார்க் பாடத்தில் போனதா, பயத்தில் போனதா? மார்க் ஷீட் பிரித்துச் சொல்லாது. பிரித்துப் பார்க்கத்தான் இந்த அளவுகோல்கள். பாடத்தில் போனால் மறுபடி படிக்கச் சொல்லலாம். மெஷின் பயத்தில் போனால்? அதே திரையில் ஒரு மாதிரித் தேர்வு, நெட் போனால் கூப்பிட ஒரு போன் நம்பர்... இதைக்கூடக் கொடுக்காமல் ஒருவரை ஃபெயிலாக்குவது என்ன நியாயம்?