மூச்சும் விளியும்: மனவிழிப்புப் பயிற்சி எப்போது கிறிஸ்தவச் செபமாகிறது?

புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். செபிப்பதற்கு அந்நூல் காட்டும் மூன்று முறைகளில் கடைசியானது மூச்சோடு இணைந்தது. ஆண்டவர் கற்பித்த செபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்ல வேண்டும். அடுத்த மூச்சு வரும்வரை அச்சொல்லின் பொருளிலோ, யாரை நோக்கிச் செபிக்கிறோமோ அவரிலோ, தன் சிறுமையிலோ மனம் நிற்க வேண்டும். மூச்சைக் கவனிப்பது கிழக்கிலிருந்து நேற்று வந்து நுழைந்தது என்று அஞ்சுவோர் இப்பகுதியைப் படித்தாலே அச்சம் தெளியும். ஆனால் மூச்சைக் கவனித்தாலே செபம்தான் என்போருக்கும் இது துணை வராது. ‘யாரை நோக்கி’ என்பதில்தான் என் வாதம் முழுவதும் நிற்கிறது.

அச்சம் பழையது. 14ஆம் நூற்றாண்டில் ஆதோஸ் மலைத் துறவிகள் தலைகுனிந்து அமர்ந்து, மூச்சை நிதானப்படுத்தி, இயேசுவின் பெயரை இடைவிடாது சொல்லிச் செபித்தார்கள். கலாப்ரியாவின் பர்லாம் அவர்களைக் கொப்பூழில் ஆன்மாவைத் தேடுபவர்கள் என்று ஏளனம் செய்தார். உடல் தூய ஆவியின் ஆலயம் என்னும் திருத்தூதர் பவுலின் போதனையைக் கொண்டு கிரகோரி பலமாஸ் அவருக்கு மறுமொழி எழுதினார். 1341இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சங்கம் துறவிகளின் பக்கமே நின்றது.

சொற்களையும் பார்க்க வேண்டும். இன்று மனவிழிப்பு என்று நாம் சொல்வதற்கு மூலமான பாலிச் சொல் ‘சதி’. வடமொழி ‘ஸ்மிருதி’யின் இணை. நினைவு என்பதே அதன் வேர்ப்பொருள். பௌத்தத்தின் எண்வகை நெறியில் வரும் இவ்வுறுப்பைத் தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று எழுதியிருக்கிறார்கள். மிகப் பொருத்தமான சொல். ஏனெனில் கடைப்பிடி என்பதற்கு இறையனார் களவியல் உரைகாரர் தரும் பொருளும் மறவாமைதான். 5ஆம் நூற்றாண்டில் ஃபோத்திக்கே நகர ஆயர் தியதோக்கு தம் கிரேக்க நூலில் ஓயாமல் வலியுறுத்துவது ‘கடவுளை நினைத்திருத்தல்’. இரு மரபுகளும் மறதியையே நோயாகக் கண்டன. எதை மறந்தோம் என்பதில் பிரிகின்றன. பௌத்தர் மூச்சை உற்றுநோக்குவது நிலையாமையையும் ‘நான்’ என ஒன்று இல்லாமையையும் கண்டுகொள்ள. அங்கே அழைக்கப்படுபவர் ஒருவரும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டு இரண்டும் ஒன்றே என்பது இரு மரபுகளுக்கும் செய்யும் அநீதி.

ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, தீரா வலியோடு வாழ்பவர்களுக்கானது. அதில் சமயக் கூறுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தப் பயிற்சியில் அமைதி பெற்ற கிறிஸ்தவர் ஒருவர் ‘இது செபமா?’ என்று கேட்டால் என்ன சொல்வது? கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989 அக்டோபர் 15இல் வெளியிட்ட மடல், உடலில் தோன்றும் அமைதியைத் தூய ஆவியின் ஆறுதலாகத் தவறாக எண்ணிவிடக் கூடாது என்று எச்சரித்தது. கடுமையான மடல் என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பிற சமயங்களின் முறைகளை அது ஒட்டுமொத்தமாக மறுக்கவில்லை. மூச்சின் இயல்பான தாளத்தோடு இசையும் இயேசு செபத்தை மதிப்போடு குறிப்பிடவும் செய்கிறது. அமைதி நல்லதுதான், வலியில் இருப்பவருக்கு அது பெரிய கொடை. ஆனாலும் அது செபத்துக்கு உழுதுவைத்த நிலம் மட்டுமே.

இஞ்ஞாசியாரின் முறையைத் தமிழில் செய்து பார்க்கும்போது இது துலங்குகிறது. இலத்தீனில் ஆண்டவர் கற்பித்த செபம் விளியோடு தொடங்குகிறது. முதல் மூச்சிலேயே ‘தந்தையே’. தமிழில் விளி தொடரின் கடைசியில் வருகிறது. முதலில் விண்ணகம், ஒரு மூச்சு. பிறகு ‘இருக்கிற’, ஒரு மூச்சு. பிறகு ‘எங்கள்’, இன்னொரு மூச்சு. இந்த மூன்றிலும் கவனம் இருக்கிறது, நிதானம் இருக்கிறது, தோள்கள் தளர்கின்றன. ஆனால் யாரையும் இன்னும் கூப்பிடவில்லை. ‘எங்கள்’ என்று சொல்லி மூச்சை விட்டபின், அடுத்த மூச்சு உள்ளே வருவதற்கு முன், தொடர் முடியாமல் தொங்கும் ஒரு கணம் உண்டு. அதற்கப்புறம்தான் ‘தந்தையே’.